இடது கைத் தராசு

மயிலாப்பூர்
24.10.1946

அன்புள்ள அப்பாவுக்கு சவரிராயனின் தோத்திரம். நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மெக்சிகோ நாட்டில் கல்லறைத் திருநாளுக்குப் பெரிய மனிதர்களை எலும்புக்கூடுகளாக அச்சுக்கட்டையில் செதுக்கி, தாளில் அச்சடித்துத் தெருவில் விற்பார்களாம். அச்சக முதலாளி காஸ்பர் அப்படி ஒரு தாளைக் காட்டினார். நானும் அரிசி திருடும் ரேஷன் கடைக்காரன் ஒருவனை, தலைப்பாகையும் கையில் தராசுமாக, எலும்புக்கூடாகச் செதுக்கினேன். யாரையும் மனதில் வைக்கவில்லை. ஆனால் அச்சில் வலது இடதாகிவிடும் என்பதை மறந்துவிட்டேன். தராசு இடது கைக்குப் போய்விட்டது. எங்கள் தெரு ரேஷன் கடைக்காரனோ இடது கைக்காரன்!

வாசலில் தொங்கிய தாளைப் பார்த்துவிட்டு, "என்னத்தான் போட்டுக்கீறான், அவனைத் தொரத்து!" என்று முதலாளியிடம் கத்தினான். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மீன் விற்க வந்த முனியம்மாள், "எலும்புல பேரா எழுதிக்கீது? நீயா வந்து ஒத்துக்கினியே நைனா!" என்றாள். தெருவே சிரித்தது. அவன் போய்விட்டான். முதலாளி இன்னும் நூறு தாள் அடிக்கச் சொன்னார். இந்த வாரம் அரிசி எடை குறையவில்லை. பயந்தால்தான் இவர்கள் ஒழுங்காக நிறுப்பார்கள்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். திருநாளன்று அம்மா கல்லறையில் என் பங்குக்கும் ஒரு மெழுகுத்திரி ஏற்றுங்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த கல்லறை ஒன்றுகூட இல்லை.

உங்கள் மகன்
சவரிராயன்