வலது காலில் கறுப்புக் கறை

அன்புள்ள அண்ணா,

உங்கள் சைக்கிளை இப்போது நான்தான் ஓடுகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மறித்துப் பார்த்தார். "பார் வைச்ச ஆம்பிளைச் சைக்கிளிலை பொம்பிளைப் பிள்ளை போறதோ? சனம் சிரிக்குமடி." சனம் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

லிங்கநகரிலிருந்து ஓர்ஸ் ஹில் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் மேடு, இறங்கி உருட்டுகிறேன். மாலையில் அதே மேடு இறக்கம். மிதிக்கத் தேவையில்லை. மரங்களுக்கிடையில் துறைமுகத் தண்ணீர் தோன்றித் தோன்றி மறைகிறது. அந்த இரண்டு நிமிடமும் எனக்கு யாரும் சாகவில்லை. எங்கே போனாலும் நீங்கள் சுற்றி இந்த வழியாலேயே வந்தது ஏனென்று இப்போது தெரிகிறது. ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லையே, ஏன்?

ஆனால் இதற்காக நான் ஓடத் தொடங்கவில்லை.

உங்களைக் கொண்டுபோன அன்று காலை யோகன் வந்தார். உங்களோடு படித்தவர், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு.

"மச்சான், சைக்கிளைத் தாடா. ஒரு சுத்துப் போட்டுட்டு வாறன்."

"கவனமடா, செயின் களிசானைத் தின்னும்."

இருவரும் சிரித்தீர்கள். செயின் கவர் கழன்று விழுந்த நாளிலிருந்து உங்கள் களிசான்கள் எல்லாவற்றிலும் வலது காலில் எண்ணெய்க் கறை. செயின் சில்லின் வளைந்த பல் ஒன்று துணியைக் கிழிக்கவும் செய்யும். கிழிசலைத் தைத்தது நான். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. எப்போதும் அதே இடம்.

பத்து மணிக்கு ஆமியின் சுற்றிவளைப்பு. உப்புவெளிப் பக்கம் தப்பிப்போக உங்களிடம் சைக்கிள் இல்லை.

ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே. தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஒருவனைக் கதிரையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆமி கொண்டுபோகும். உங்கள் முறை வந்தபோது அவன் தலையை ஆட்டினான்.

எல்லோரும் சாக்கைப் பார்த்தார்கள். நான் அவன் காலைப் பார்த்தேன். வெள்ளைக் களிசான். வலது கால். நாலு விரல் மேலே. காயாத கறுப்பு, நடுவில் கிழிசல்.

மூன்றாம் நாள் உங்களைப் பெட்டியில் தந்தார்கள். அதற்கு முன்பே சைக்கிள் எங்கள் வேலியில் வந்து சாய்ந்து நின்றது. செத்த வீட்டுக்குப் பந்தல் போட்டது யோகன்தான். அவர் தந்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் ஓடப் பழகினேன்.

ஆமியின் சென்றிக் காவலைக் கண்டால் எல்லோரும் இறங்கிச் சைக்கிளை உருட்டுவோம் அல்லவா? நான் யோகன் வீட்டுப் படலை வாசலிலும் இறங்குகிறேன். காலையும் மாலையும். மெல்ல உருட்டிக்கொண்டு போகிறேன். பின்சில்லு டிக் டிக்கென்று சத்தம் போடும். படலையைக் கடந்ததும் ஏறுவேன். அவ்வளவுதான். முதல் மாதம் அவர் சிரித்தார். பிறகு என்னைக் கண்டதும் உள்ளே போனார். இப்போது பகலிலும் யன்னல்கள் பூட்டியே இருக்கின்றன.

அவரையும் அடித்துத்தான் அந்தக் கதிரையில் இருத்தினார்களோ? இருக்கலாம். கேட்க எனக்கு விருப்பமில்லை.

போன கிழமை படலைக்கு வெளியே வந்து நின்றார். மெலிந்துவிட்டார். கையில் ஒரு செயின் கவர். பழையது, புதிதாகப் பெயின்ற் அடித்தது.

"தங்கச்சி, இதைப் பூட்டித் தாறன். உடுப்பெல்லாம் பழுதாப் போகுது."

"வேண்டாம் யோகண்ணா."

"ஏன் பிள்ளை?"

"ஆர் ஆர் ஓடினதெண்டு தெரிய வேணும்."

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். சாரம்தான் கட்டியிருந்தார்.

அண்ணா, அன்று மாலை இறக்கத்தில் வரும்போது சத்தமாகச் சிரித்தேன். உங்களுக்காகவா, காற்றுக்காகவா? எனக்குப் பிரித்துப் பார்க்க ஏலாது.

அந்தப் பல்லை நிமிர்த்த மாட்டேன். கவர் பூட்ட மாட்டேன். அவர் வீட்டை விட்டுப் போனால் போகும் இடத்தை விசாரித்து அறிவேன். அந்தப் படலையிலும் இறங்குவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பாவாடைக் கரையில் உங்கள் கறையோடு,
உங்கள் தங்கச்சி