என்ன சம்பந்தம்?

ஏங்க,

பக்கத்து வீட்டு லொரெட்டா ஆன்ட்டியோட ஜூன்டீன்த் பார்ட்டிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு முன்னாடி போறேன். பாட்டுச் சத்தத்துல நம்ம ஜன்னலே ஆடுது. ஃப்ரிட்ஜ்ல இருக்கற தயிர்சாதம் உங்களுக்கில்ல, அங்க எடுத்துட்டு வாங்க.

"அமெரிக்காவுல அடிமைத்தனம் ஒழிஞ்சதைக் கறுப்பின மக்கள் கொண்டாடறாங்க, நமக்கு என்ன சம்பந்தம்?"னு நேத்து முறைச்சீங்களே. சோஃபால சிவப்பு டி-ஷர்ட் இருக்கு பாருங்க. ஆன்ட்டி தன் குடும்பத்துக்குப் பேர் போட்டு அடிச்சதுல உங்களுக்கும் ஒண்ணு. ஆபீஸ்ல வெறும் 'ட்ரூ'வாயிட்ட மனுஷனுக்கு முழுப் பேர்!

'திரு' போதும்னுதான் சொன்னேன். "எங்க முன்னோர் பேரைப் பிடுங்கிட்டு எஜமான் பேரை ஒட்டினாங்க. என் வீட்ல யார் பேரையும் வெட்ட மாட்டேன்"னுட்டாங்க ஆன்ட்டி.

தமயந்தி

பி.கு. திருஞானசம்பந்தம் ஒரு பக்கத்துல அடங்கலையாம். நெஞ்சுல 'திருஞான', மிச்சம் முதுகுல. என்ன சம்பந்தம்னு கேட்டீங்கல்ல? திருப்பிப் பாருங்க.