தனம் தள்ளிய முள்

1962 ஜூன், செவ்வாய் இரவு.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் பரீட்சை. வடக்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் வியாபார நிர்வாகப் படிப்பில் சேர்வதற்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இங்கிலீஷ் கேள்வியை வாசிக்கவே பாதி நேரம் போய்விடும். அதனால் தினமும் சாயந்திரம் மாதிரிக் கேள்விகளை எழுதிப் பழகுகிறேன். ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தச் சொல்வது என் மனைவி தனத்தின் வேலை. ஒரு வாரமாக எல்லாக் கேள்விகளையும் முடித்துவிடுகிறேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று நாலரைக்கு எழுத ஆரம்பித்து, கடைசிக் கணக்கில் இருந்தபோது மாதா கோயில் மணி ஆறு அடித்தது. எங்கள் கடிகாரத்தில் ஐந்தரைதான்.

தனம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"முள்ளைத் தள்ளி வச்சியா?"

"நகத்தைக் கடிச்சிகிட்டு எழுதறீங்க. நடுவுல வந்து நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது? பாவமா இருந்திச்சி."

ஒரு வாரப் பயிற்சி வீண். "பரீட்சை ஹாலுக்கும் நீ வருவியா?" என்று கத்தினேன்.

"உள்ள விட்டா வருவேன்" என்றாள். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது?

இனிமேல் கடிகாரத்தைத் தொடமாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் படுத்தாள். இப்போது நல்ல தூக்கம்.

படிப்பதற்காக நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அலாரம் முள் ஐந்தில் நிற்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.