மிச்சத் தண்ணீர்

மார்ச் 3
ரத்தக்கொதிப்பு, கத்தக் கூடாது, கோபம் வந்தால் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ எழுத்து வராது. அதனால் நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். அவள் புருஷனைத் திட்டுவதையும் அவளே எழுத வேண்டும். விதி!

மிளகாய் வயலுக்குத் தொட்டி கட்டிச் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். வாய்க்காலில் எட்டு நாளுக்கு ஒரு முறை நமக்கு. முன்பு அந்த முறைத் தண்ணீர் முழுவதும் மிளகாய்க்கே போகும். இப்போது பாதி போதும். நானும் டீக்கடையில் பெருமை பேசினேன். இன்று மகன் சொல்கிறான்: "பாதித் தண்ணி மிச்சம்பா. சோளம் போட்ட மேட்டுக்காட்டுல கரும்பு வெச்சிடலாம்."

சோளம் நாலு மழையில் வீடு வந்து சேரும். கரும்பு வருஷம் முழுக்க வாயைத் திறந்துகொண்டே நிற்கும். சொன்னால், "கரும்புக்கும் குழாய்தான்பா" என்கிறான். குழாயில் குடித்தால் குடி இல்லையா?

மார்ச் 10
கரும்புக் கரணை நட்டுவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 24
தங்கையின் வயலுக்குப் போனேன். நம் மிளகாய் வயலுக்குக் கீழே அவளுடையது. உளுந்து பூவோடு வாடி நிற்கிறது. வடிகால் வெடித்துக் கிடக்கிறது, என் கட்டைவிரல் உள்ளே போகிறது.

"வாங்க, மிச்சம் புடிக்கிற மகராசா" என்றாள். "நீங்க வீண்னு சொன்ன தண்ணியிலதான் என் உளுந்து வெளஞ்சுது. உங்க வயல்ல வடிஞ்சது வேற எங்க போச்சுன்னு நெனச்சீங்க?"

எந்த வருஷம் எந்தக் கரை உடைந்தது, எந்த மாடு எப்போது கன்று போட்டது, எல்லாம் சொல்வேன். இது மட்டும் தோன்றவில்லை. த்தூ!

மார்ச் 25
மகனிடம் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"அத்தைக்கு வாய்க்கால்ல முறையே கெடையாதேப்பா. நான் யார் தண்ணியத் திருடினேன்?"

கிடையாதுதான். ஏன் கிடையாது? பாகம் பிரித்த அன்று அவள் தனி முறை கேட்டாள். "மேல நனைஞ்சா கீழயும் நனையும், உனக்கெதுக்குத் தனி முறை?" என்று ஒருத்தன் சொன்னான். நம்பி வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னவன் நான்.

"இதையும் எழுதணுமா மாமா?" என்கிறாள் மருமகள்.

எழுதும்மா. பெரிய எழுத்தில் எழுது.

மார்ச் 29
இன்று நம் முறை. தொட்டி பாதி நிறையும்வரை பொறுத்தேன். அது மிளகாய்க்கு. பிறகு தொட்டிக்குப் போகும் மடையை அடைத்து, மிச்சத்தை வடிகாலில் திருப்பினேன். மகன் ஓடி வந்தான்.

"கரும்பு காயுதுப்பா! பைத்தியமா உனக்கு?"

"காயட்டும்டா! யாரைக் கேட்டு நட்ட?"

மண்வெட்டியைப் பிடுங்கப் பார்த்தான். விடவில்லை. இந்த வயதிலும் என் பிடி பிடிதான்.

ஏப்ரல் 6
இன்றும் திருப்பினேன். மகன் வரவில்லை.

ஏப்ரல் 18
உளுந்தில் பாதிதான் தேறியது. தங்கை ஒரு காகிதத்தோடு வந்தாள். ஒவ்வொரு முறையிலும் பாதி அவளுக்கு என்று எழுதித் தரச் சொன்னாள். அண்ணன் சொல் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். எந்த முகத்தோடு கேட்பது? மருமகள் எழுதினாள். தங்கை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் மடித்து வைத்துக்கொண்டாள்.

மகன் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. காலையில் மேட்டுக்காட்டில் உழவுச் சத்தம் கேட்டது. கரும்பை உழுது போட்டுவிட்டானாம். மத்தியானம் வந்து, என்னைப் பார்க்காமல் மருமகளிடம் கேட்டான்: "விதைச்சோளம் எங்க வெச்சிருக்கு?"

"பரண்ல" என்று நான்தான் சொன்னேன்.

ஏறி எடுத்துக்கொண்டு போனான்.