ஜெனரலின் முழங்கால்

ஒக்டோபர், செவ்வாய்.

ஸ்காபரோவில் குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் நோகிறது.

நாளைய வகுப்புக்காக மகள் எங்களுக்குப் பேசிக் காட்டினாள். பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்யப் படையில் சேர்ந்த ஸ்கொட்லாந்து ஜெனரல் ஒருவரைப் பற்றியது.

“அவர் சொந்த நாட்டிலை தோத்த பக்கத்துக்காகச் சண்டை பிடிச்சவர். தப்பிப்போய்த்தான் ரஷ்யாவிலை ஜெனரல் ஆனவர். முழங்காலிலை துப்பாக்கிச் சூடு பட்டது.”

என் காலைப் பார்த்தாள்.

“உது சைக்கிளாலை விழுந்ததுதானே அப்பா? என்ன கலர் சைக்கிள்?”

ஊரில் சண்டையில் பட்ட காயத்தை மறைக்க இத்தனை வருடம் அவளுக்குச் சொல்லிவந்த கதை.

“பச்சை,” என்றேன். அதே நேரத்தில் மனைவி “கறுப்பு” என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

“அவர் சொந்த நாட்டிலை சண்டை பிடிச்சவர்...”

இந்த முறை ‘தோத்த பக்கம்’ என்று சொல்லவில்லை.