முதுகுக்கு ஜெபிக்காதீங்க

பெட்டிக்கு மேலே கிடந்த பெரிய பாயை நேற்றுச் சாயங்காலம் இறக்கினேன். பூச்சி உருண்டை வாடை குப்பென்று வந்தது. நீ உருண்டையை உள்ளே போட்டுச் சுருட்டி வைத்த பாய். இந்த வாரம் ஜெபக்கூட்டம் நம் ஒற்றையறைக் காம்பராவில். நீ போய்விட்டதால் நம் முறையைத் தாண்டிப் போவார்கள் என்று நினைத்தேன், சபை உபதேசியார் விடவில்லை. பாயை விரித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை. உன்னை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது, புள்ள. சோறு இறங்குகிறது, ருசி தெரிவதில்லை.

பக்கத்துக் காம்பராப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார்கள். இப்போது கடையில் மாவும் இல்லை, பாண் ரொட்டியும் இல்லை. "சீனி கெடைக்கலண்ணே, கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுத் தேத்தண்ணி குடிப்போம்" என்றார்கள். நீ இருந்தால் எங்கேயாவது ஒரு பிடி சீனி ஒளித்து வைத்திருப்பாய்.

லொறி சறுக்கிய வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து நான் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பின்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்க, ஒரு மரம்தான் லொறியைத் தாங்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த நாள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இரண்டு காலும் வெடவெடவென்று ஆடின. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இறங்கிவிட்டேன். என்னவென்று கேட்ட தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம், "முதுகு புடிச்சிருச்சுங்க ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல? லொறிக்காரனுக்கு லொறியைக் கண்டால் பயம் என்றா?

பிறகு தோட்டமே என் முதுகைப் பற்றித்தான் பேசியது. ரத்தோட்டையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தனுப்பினார். நீ அதைத் தேய்த்துவிட்டாய். உபதேசியார் கூட்டத்துக்குக் கூட்டம் என் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்காகவும் உருகி உருகி ஜெபித்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். கடைசியில் தோட்டத் துரை சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை லொறியை எடுக்காவிட்டால் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிடுவாராம். வேலை போனால் காம்பராவும் போகும். மகள் அப்போது கைக்குழந்தை, நீயும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய நாள் கூட்டத்தில் உபதேசியார் வழக்கம்போல, "நம்ம டிரைவரோட முதுகுக்காக இன்னைக்கு விசேசமா ஜெபிப்போம்" என்று கையைத் தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து நீ பிள்ளையோடு எழுந்தாய்.

"ஐயா, முதுகுக்கு ஜெபிக்காதீங்க. அங்க ஒண்ணுமில்ல. எங்க வூட்டுக்காரருக்கு லொறியில ஏறப் பயமா இருக்கு. அதுக்கு ஜெபிங்க."

தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. தூக்கத்தில் என் கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி உதைத்து உதைத்து ஆடியதை நீ பார்த்திருக்கிறாய், நான்தான் அதை யோசிக்கவில்லை. கண்ணை மூடினால் அரைமணி நேரம் ஜெபிக்கிற உபதேசியார் அன்று, "ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. ஆமென் என்று முடித்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கத்தினேன்.

"மானத்த வாங்கிட்டியேடி!"

"இல்லாத வலிய ஆண்டவர் எங்கன்னு தேடிச் சொகமாக்குவாரு? ஒரு மாசமா அவரையும் சேத்துல்ல ஏமாத்துறீங்க."

"விசுவாசிக்கிறவன் பயப்படக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"பயப்படாதேன்னு அவரு யாரப் பாத்துச் சொல்றாரு? பயந்து கெடக்கிறவனப் பாத்துத்தானே? பயமே இல்லன்னு நீங்க வெறப்பா ஒக்காந்திருந்தா, அவரு யாருகிட்டப் போயிப் பேசுவாரு?"

நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லொறிக் கதவோரம் வந்து நின்றாய். "சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றாய். மலைக்குப் போகக் கூடையோடு நின்ற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அதில் ஒருத்தி, "அண்ணே, எங்களுக்கும் சேத்துச் சொல்லுங்க, அட்டை கடிக்குமேன்னு பயமா இருக்குன்னு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் மிதிக்கச் சொன்ன இடத்தில் மிதித்தது. அதன் பிறகு இத்தனை வருடமும் தினம் காலையில் அதைச் சொல்லித்தான் கியரைப் போட்டேன். பயம் எங்கேயும் போகவில்லை, கிளீனர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வந்தது. வண்டியை ஓட்டியது மட்டும் நான். அதற்கு மேல் ஆண்டவரிடம் நான் கேட்கவும் இல்லை.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றுதான் அதைச் சொல்ல மறந்துபோனேன். கொழுந்துச் சாக்கையெல்லாம் இறக்கி எறிந்துவிட்டு உன்னைத் தூக்கி வைத்து மாத்தளை ஆசுபத்திரிக்கு ஓட்டினேன். கால் நடுங்கவில்லை. நீ போய்விட்டாய் என்று நர்ஸ் சொன்னபோதும் ஒன்றும் நடுங்கவில்லை. அடக்கத்தில் நான் அழாததைப் பார்த்து உபதேசியார், "பாருங்க, எவ்வளவு பெரிய விசுவாசம்" என்றார். விசுவாசமுமில்லை, மண்ணுமில்லை. மரத்துப் போயிருந்தேன். மகள் பலாபத்வலைக்குத் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னாள், சரி என்றேன். போ என்றாலும் சரி, இரு என்றாலும் சரி என்கிற நிலைமையில் இருந்தேன். மூட்டைகூடக் கட்டிவிட்டேன்.

நேற்றுக் கூட்டத்தில் பாட்டு முடிந்து உபதேசியார் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு கேட்டுவந்தார். ஒருத்திக்கு மகனின் காய்ச்சல், ஒருவருக்கு அரிசிக் கூப்பன் பிரச்சினை. என்னிடம் வந்தபோது மகளின் சுகத்துக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஐயா, எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறம் இந்தக் காம்பராவுல இருக்க எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "அவ இல்லாமப் பயமா இருக்கு."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன கையோடு, நீ என்ன நினைக்கிறாய் என்று பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். நீ உட்காருகிற இடத்தில் பக்கத்துக் காம்பராக்காரி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் புள்ள, நீ செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. ஆசுபத்திரியில் சொன்னார்கள், குழிக்குள் மண்ணும் போட்டேன், ஆனால் தெரிந்தது நேற்றுத்தான். அத்தனை பேருக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். உபதேசியார் ஜெபிக்கத் தொடங்கி அவரும் அழுதார்.

இன்று காலை சோற்றில் உப்பு கூடியிருந்தது தெரிந்தது. பலாபத்வலைக்கு இப்போது வரவில்லை என்று மகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே இருக்கப் பயம்தான். அதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் இருக்கிறேன்.