அக்டோபர் முப்பது, வெள்ளிக்கிழமை

30 அக்டோபர் 2009, வெள்ளி

மாலை மூன்று ஐந்துக்கு, கடைசி மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், ஆந்த்ரெஸ் கீரோஸ் என்னும் மாட்டுப்பண்ணைத் தொழிலாளி தம் மகளைப் பள்ளியில் சேர்க்க என் பதிவு அலுவலகச் சன்னலுக்கு வந்தார். பெயர் மாரிசெலா, வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. வீட்டு மொழி ஸ்பானிஷ், ஆங்கிலம் அரைகுறை.

தலைமையாசிரியை டெனிஸ் ஓக்லி என்னைத் தனியே அழைத்து, அவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். காரணம் நான் அறியாததன்று. அக்டோபரின் கடைசி வெள்ளியன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் தேர்ச்சியே வசந்தகாலத் தேர்வில் பள்ளியின் கணக்கில் சேரும். நூற்றுக்கு அறுபது பேர் தேற வேண்டும். இரண்டு ஆண்டுகள் தவறிவிட்டன. இம்முறையும் தவறினால் பள்ளியை மூடிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தொரு மைல் பேருந்தில் போக நேரும்.

"அவங்க வந்தது இன்னைக்கு, மேடம். இன்னைக்குத் தேதிதான் போடுவேன்" என்றேன்.

"கடவுளே உங்ககிட்ட கேட்டுத்தான் பொழுது விடிய வைக்கிறாரு போல, மிஸ்டர் டிட்வெல்."

தேதியைப் போட்டேன்.

13 ஜனவரி 2010, புதன்

மாதிரித் தேர்வின் முடிவு வந்தது. கணக்கில் சேரும் எழுபத்தொன்பது பிள்ளைகளில் தேறியோர் நாற்பத்தேழு. விழுக்காடு 59.49. மாரிசெலாவுக்கு நாற்பது கேள்விகளில் பதினொன்றுதான் சரி.

அவள் இல்லையெனில் 60.26. மூன்று முறை கையால் வகுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

20 ஜனவரி, புதன்

சேர்க்கைப் பதிவுகளில் திருத்தம் இருப்பின் நாளை மாலை ஐந்து மணிக்குள் அனுப்புமாறு மாநில அலுவலகத்தின் நினைவூட்டல். ஆண்டுதோறும் வருவது. ஆண்டுதோறும் "திருத்தம் இல்லை" என்று எழுதுவேன்.

21 ஜனவரி, வியாழன்

மாலை 4.41. மாரிசெலாவின் பதிவில் அக்டோபர் 30 என்பதை நவம்பர் 2 ஆக்கினேன்.

எவரும் செய்யச் சொல்லவில்லை. ஓக்லிக்குத் தெரியாது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய முதல் பொய்த் தேதி. இருபத்தாறு பேரின் வேலை, நூற்று நாற்பது பிள்ளைகளின் பள்ளி என்று மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன், அடுக்கியது நிற்கவில்லை. சூப் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

9 மார்ச், செவ்வாய்

நான்காம் வகுப்பு ஆசிரியை மிஸ் கெட்லர் நாள்தோறும் காலை 7.10க்கு அந்தப் பெண்ணை என் சன்னலுக்கு நேர் எதிரேயுள்ள பெஞ்சில் உட்கார்த்தி வாசிக்க வைக்கிறார். வேறு இடமா இல்லை?

24 மார்ச், புதன்

இன்று ஒரு பக்கம் முழுவதும் தடுக்காமல் வாசித்தாள்.

11 ஏப்ரல், ஞாயிறு

தேவாலயத்தில் எல்லாரும் தலைகுனிந்து ஜெபித்த வேளையில், அந்தக் குழந்தை தேறக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். பெயரைச் சொல்லியே வேண்டினேன். எழுபத்தொரு வயது ஆள் வேண்டுகிற வேண்டுதலா இது? அவ தேறிட்டா நான் என்ன ஆவேன் — அதுதான் பயம், வேறொன்றும் இல்லை.

27 ஏப்ரல், செவ்வாய்

தேர்வு. கூடத்து மணியை நிறுத்திவைத்தோம். மாரிசெலா எல்லாருக்கும் கடைசியாக, 2.50க்கு வெளியே வந்தாள்.

20 மே, வியாழன்

முடிவுகள் வந்தன. மாரிசெலாவை நான் எடுத்துவிட்டதாலும், பிப்ரவரியில் ஒரு பையனின் குடும்பம் ஊர் மாறிப் போனதாலும் கணக்கில் எழுபத்தேழு பேர். தேறியோர் நாற்பத்தாறு. 59.74.

மாரிசெலா கீரோஸ்: நாற்பதுக்கு முப்பத்தொன்று. தேர்ச்சி.

ஓக்லி தாளோடு ஓடி வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அந்தக் கீரோஸ் பொண்ணை விட்டுட்டாங்க போல இருக்கே. நம்ம கணக்குலதானே அவ? நீங்கதானே அன்னைக்குப் பிடிவாதமா வெள்ளிக்கிழமைன்னு போட்டீங்க? அவளைச் சேர்த்தா எழுபத்தெட்டுக்கு நாற்பத்தேழு. அறுபதைத் தாண்டிடுவோம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கு. ஐயோ, பார்க்க என்ன இருக்கு.

21 மே, வெள்ளி

காலை எட்டு மணிக்கு ஓக்லியிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"நான் திங்கட்கிழமைன்னு போடச் சொன்னப்போ முடியாதுன்னீங்களே."

"ஆமா, மேடம்."

"இப்போ உண்மைத் தேதியைச் சொன்னா அதைத்தான் பொய்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தக் கிழவன் தேதியை மாத்திட்டான்னு."

ஆயினும் மாநில அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். செய்தது இன்ன நாள், இன்ன மணி என எல்லாவற்றையும் விவரித்தேன். என் கையொப்பம் எனக்கே கோணலாகத் தெரிந்தது.

18 ஜூன், வெள்ளி

பதில் வந்தது. நான்கே வரி. ஜனவரி 21க்குப் பிந்தைய எத்திருத்தமும் ஏற்கப்படாது. பள்ளியின் பதிவுகள் இதுகாறும் குறையற்றவையாகவே இருந்துள்ளதால், ஜனவரியில் அனுப்பிய தேதியை ஐயுற முகாந்திரமில்லை.

19 ஜூன், சனி

ஆக, பள்ளியை மூடிவிடுவார்கள்.

29 ஜூலை, வியாழன்

மாற்றுச் சான்றுகள் வழங்கும் கடைசி நாள்; எனக்கும் கடைசி வாரம். கூடத்தில் பெஞ்சுகளைக் கூட எடுத்துவிட்டார்கள். காலை 10.15க்கு கீரோஸ் தம் மகளுடன் வந்தார். அவருடைய தாளில் கணினி நவம்பர் 2 என்று அச்சிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, அக்டோபர் 30 என்று கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். இனி அதனால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

மாரிசெலா சன்னல் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒவ்வொருத்தர் மார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு மிஸ் கெட்லர் சொன்னாங்க. என்னோடதைச் சேர்த்தீங்களா?"

"இல்லம்மா. நான்தான் எடுத்துட்டேன். நீ தேறமாட்டேன்னு நெனச்சிட்டேன்."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என்ன சொன்னேன் என்று தந்தை ஸ்பானிஷில் கேட்டார். அவள் இரண்டு மூன்று சொற்களில் ஏதோ பதில் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். சன்னல் வழியே கையை நீட்டி, என் கையை நன்றியோடு பற்றி வெகுநேரம் குலுக்கினார். அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.